தனி ஆளுக்கு ரூம் இல்லை

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் நான் மேனேஜர். மேனேஜர் என்பது பெரிய வார்த்தை. சாவி கொடுப்பவன், வெந்நீர் வரவில்லை என்று திட்டு வாங்குபவன், பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டத்தை எட்டுப் பேருக்கு ஒரு ரூம் என்று அடைப்பவன். எங்கள் தொழிலில் எங்கும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. தனியாக, கையில் பை இல்லாமல், உள்ளூர் ஆள் வந்து ரூம் கேட்டால் கொடுக்கக் கூடாது. ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒருமுறை காலையில் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போலீசுக்குப் போன் போட்டவனுக்குத் தெரியும். நான் போட்டிருக்கிறேன். அதன் பிறகு அப்படி வருகிறவர்களிடம், “ஃபேமிலிக்குத்தாங்க ரூம், வேணும்னா கட்டிக்கிட்டு வாங்க, தரேன்” என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லி அனுப்பிவிடுவேன். தமாஷ் பேர்வழி என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் இருக்கிறது.

ஐம்பதை நெருங்கும்போது எனக்கு ஒன்று வந்தது. கடன் இல்லை, சாவு இல்லை, மகள் வேலூரில் நல்லபடியாக இருக்கிறாள். காரணம் கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. விடியுமுன்பே விழிப்பு வந்துவிடும். சோறு மண் மாதிரி இருக்கும். குளிப்பது மலை ஏறுகிற வேலையாகிவிட்டது. நடுநடுவே நெஞ்சு படபடத்து, வேர்த்து, ‘ஆச்சு, இதோ போகிறோம்’ என்று ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். ஈசிஜி எடுக்கிற நர்ஸம்மாவுக்கு என் சட்டைப் பொத்தானெல்லாம் மனப்பாடம்.

“இன்னா சார், மறுபடியுமா? உங்க ஹார்ட்டு எங்க டாக்டர் ஹார்ட்டவிட நல்லா கீது.”

அந்த டாக்டர்தான் மனநல மருத்துவரிடம் அனுப்பினார். இவர் என்னை ரொம்ப நேரம் பேசவிட்டார். பிறகு, “இது டிப்ரஷன். பதட்டம் அதோட ஒட்டிக்கிட்டு வர்றது” என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து, பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: “உடனே கேட்காது, சில வாரம் ஆகும். முதல்ல வயித்தப் புரட்டும், பதட்டம்கூட கொஞ்சம் ஜாஸ்தியாகலாம். அப்புறம் தூக்கம் வரும், பசி வரும், உடம்புல தெம்பு வரும். மனசு கடைசியாத்தான் வரும். தெம்பு வந்து மனசு வராத அந்த நாளுங்கதான் எனக்குக் கவலை. வீட்டுல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும். அடுத்த தடவை சம்சாரத்தக் கூட்டிக்கிட்டு வாங்க.”

“கூட்டிக்கிட்டு வந்தா, அவங்களுக்கும் சேர்த்து எழுதிடுவீங்களே சார்.”

அவர் சிரிக்கவில்லை.

மனைவியிடம் கேஸ் மாத்திரை என்று சொன்னேன். “கேஸ் மாத்திரைய சோத்துக்கு முன்னாடி இல்ல போடுவாங்க?” என்று கேட்டாள். இது புது மாதிரி என்றேன்.

முதல் வாரம் நாக்கு வறண்டது, கை நடுங்கியது, கொட்டாவி விட்டு விட்டுத் தாடை வலித்தது. பக்க விளைவுகளைப் போனில் தேடிப் படித்தேன். படித்தது அத்தனையும் வந்தது. கர்ப்பிணிகளுக்கு என்று தனியாகப் போட்டிருந்ததும் எனக்கு வருகிற மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு நாள் விடிந்தபின் எழுந்தேன். இட்லிக்கு ருசி வந்தது. மாடிப்படிகளை நிற்காமல் ஏறினேன். “கேஸ் மாத்திரை நல்லாத்தான் கேக்குது” என்றாள் மனைவி. லாட்ஜ் ஓனரும் முகம் தெளிந்துவிட்டது என்றார்.

உள்ளே ஒன்றும் தெளியவில்லை. முன்பு எனக்குக் குளிக்கச் சோம்பல், சாகவும் சோம்பல். இப்போது சோம்பல் மட்டும் போய்விட்டது.

பௌர்ணமிக் கூட்டம் காலிசெய்துகொண்டு போன மறுநாள் மதியம். லாட்ஜில் ஒருவரும் இல்லை. மூன்றாம் மாடிக் கோடி ரூமின் சாவியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஜன்னலில் மலை முழுசாகத் தெரிகிற ரூம் அது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். கட்டிலில் உட்கார்ந்தேன். போதும் என்று தோன்றியது. அழுகை இல்லை, கோபம் இல்லை. கணக்கு முடித்த மாதிரி ஒரு அமைதி.

அப்போதுதான் எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் ஆளைப் பார்த்தேன். தனி ஆள். கையில் பை இல்லை. உள்ளூர். கீழே வந்து நின்றிருந்தால் நானே இவனுக்கு ரூம் கொடுத்திருக்க மாட்டேன்.

அந்த நினைப்பு வந்ததும் நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. வேர்த்துக் கொட்டியது. மூச்சு ஏறவில்லை. முடித்துக்கொள்ளலாம் என்று மாடி ஏறிவந்த வீரன் நான், செத்துவிடுவேனோ என்று பயந்துபோய், வேங்கிக்காலில் இருக்கிற என் வீட்டுக்குப் போன் போட்டேன்.

“நெஞ்ச அடைக்குது. செத்துருவேன்போல கீது. சீக்கிரம் வாயேன்.”

“எங்க கீறீங்க?”

“லாட்ஜுல. மேல, கோடி ரூமு.”

ஆட்டோ பிடித்து வந்தாள். அதற்குள் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளைத் திறந்து, கதவடியிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், கலையாத கட்டிலைப் பார்த்தாள், அதன்மேல் கிடந்த சாவியைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷமாக லாட்ஜ் மேனேஜர் பெண்டாட்டி. எங்கள் தொழிலின் சட்டம் அவளுக்கும் தெரியும்.

“ரூமுல யாரு இருந்தது?”

“நான்தான்.”

“தாப்பா போட்டீங்களா?”

“அது கேஸ் மாத்திரை இல்ல” என்றேன்.

அவள் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். என் வேர்வையை முந்தானையால் துடைத்துவிட்டு, “ஏந்திரிங்க. அந்த டாக்டர் எங்க கீறாரு, காட்டுங்க” என்றாள்.

அன்று மாலையே போனோம். “இவர் சொல்றத நம்பாதீங்க சார், எல்லாத்துக்கும் தமாஷ் பண்ணுவாரு. என்னையக் கேளுங்க” என்றாள். அவர் அவளைத்தான் கேட்டார். மாத்திரையின் அளவை மாற்றினார். வாராவாரம் வரச் சொன்னார். மாத்திரை அவள் கையில் இருக்க வேண்டும், என்னைத் தனியாக விடக் கூடாது என்றார். ஒரு மாதம் அவள் தினமும் லாட்ஜுக்கு வந்து, வரவேற்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். பார்க்கிறவர்கள் அவளையே ஓனர் என்று நினைத்தார்கள்.

மனசு மெதுவாகத்தான் வந்தது. சந்தோஷமாக ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் ஆனபோது எனக்கு எரிச்சல் வந்தது. எதுவுமே உறைக்காமல் இருந்தவனுக்கு எரிச்சல் என்பதே பெரிய வரவு. படபடப்பு குறைந்தது. வாய் வறட்சி அப்படியே இருக்கிறது. வேறு ஒன்றும் குறைந்திருக்கிறது. அதை டாக்டரிடம் அவளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் சொன்னேன். அதற்கும் வழி பார்க்கலாம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றார்.

போன தடவை, அவள் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டார்: “அந்த எண்ணம் இப்பவும் வருதா?”

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“வருதுங்க சார்” என்றேன். “கம்மியா.”

“வந்தா என்ன பண்றீங்க?”

“இவளுக்குச் சொல்லிடறேன்.”

“சொல்றாரு சார்” என்றாள் அவள். “நேத்துகூட சொன்னாரு.”