எட்டாம் நம்பர் செருப்பு

தேவராஜ மொஹல்லா என்ற பேட்டையிலுள்ள என் செருப்புக்கடையில் இன்று அட்டைப்பெட்டி ஒன்று தலையில் விழுந்தது. வலிக்கவில்லை, காலிப்பெட்டி. ரப்பர் பசை வாசனை மட்டும் குப்பென்று அடித்தது. சரக்கெடுக்கப் பணமில்லை. அது தெரிந்தால் ஒருவரும் படியேற மாட்டார்களே என்ற நடுக்கத்தில் அலமாரி முழுக்கக் காலிப்பெட்டி அடுக்கியிருக்கிறேன், பெரிய மேதை!

இது அப்பாவின் வித்தை. என் சிறுவயதிலும் வியாபாரம் இப்படித்தான் படுத்தது. ராமாபுரத்து விவசாயி ஒருவர் காலிப்பெட்டியைக் காட்டி, "அந்த எட்டாம் நம்பர எடுங்க" என்றார். அப்பா தன் காலில் கிடந்த புதுச்செருப்பைக் கழற்றித் துடைத்து நீட்டினார்.

"ஒரு வாரம் பழக்கி வச்சிருக்கேன் சார், கடிக்கவே கடிக்காது."

வெறுங்காலோடு வீடு திரும்பியவரை அம்மா வாசலிலேயே பிடித்தார். "இன்னைக்கு யாவாரம் அமோகம் போலிருக்கே!"

பெட்டியைத் திரும்ப வைப்பதற்குள் இன்றைய முதல் வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

"அண்ணா, எட்டு இருக்கா?"

குனிந்து என் காலைப் பார்த்தேன். ஏழு.