கல்லில் உரசிய மீன்

பிள்ளைகளே, மீன் அழுக்காக இருக்கிறதென்று நேற்று தொட்டித் தண்ணீர் முழுவதையும் மாற்றினீர்கள். இன்று காலை அது கல்லில் உடம்பை உரசி உரசித் துடித்தது. "இன்னொரு தடவ தண்ணி மாத்திடலாமாப்பா?" என்று சின்னவள் கேட்டதும் கத்திவிட்டேன். கோபம் அவள் மேல் இல்லை.

தொட்டியில் குழாய்த் தண்ணீரின் குளோரின் வாசனை அடித்தது. மில்லில் துணி வெளுக்கும் என் அப்பாவும் அதே வாசனையோடுதான் வீட்டுக்கு வருவார். வந்ததும் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொள்வார். தோல் உரிந்திருக்கும்.

மேஸ்திரி எல்லார் முன்னாலும் சொன்னானாம்: "குளிச்சிட்டு வாய்யா, அழுக்குப் புடிச்சவனே!"

என் அம்மா அவமானம் தாங்காமல் தினமும் அவர் முதுகை நாரால் தேய்த்துவிட்டாள். "மெதுவாடி, எரியுது" என்பார். புண் பெரிதானது. "எம்பக்கத்துல படுக்காதப்பா, எனக்கும் ஒட்டிக்கும்" என்றேன் நான். பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

வெளுக்கும் மருந்துத் தண்ணீரில் கையுறைகூடத் தராமல் நிற்கவைத்தவன் அவரை அழுக்கன் என்றான். அதை நானும் நம்பினேனே! இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

நீங்கள் பள்ளிக்கூடம் போனதும், மாடிப்படியில் இரண்டு நாளாகத் திறந்து கிடந்த வாளித் தண்ணீரை முகர்ந்து பார்த்தேன். குளோரின் பறந்துபோய் வாசனை இல்லை. மீனை அதில் விட்டேன்.