எலுமிச்சை தேய்த்த விரல்கள்

என் அக்கா மீன் வெட்டுகிறவள். சந்தைக்குள் நுழைந்ததும் இடது பக்கம், சாக்கடை மூடியை ஒட்டி அவளுடைய வெட்டுக்கட்டை. அடுத்த இடம் என்னுடையது. நான் ஐஸ் விற்கிறேன். மீனைக் கையில் கொடுத்தால் போதும், செதிலைச் சீவி, செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கீறி ஒரே இழுப்பில் குடலை எடுத்துவிடுவாள். பேச்சு குறைவு. மாமா இறந்துபோன பிறகு அந்தக் கத்தியை வைத்துத்தான் மகளை வளர்த்தாள், வெளிநாட்டுக்குப் படிக்கவும் அனுப்பினாள்.

மகள் படித்து முடித்துவிட்டாள். பட்டம் வாங்கும் நாளில் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எல்லா ஏற்பாட்டையும் அங்கிருந்தே செய்தாள். இங்கே அக்கா செய்ய வேண்டியது ஒன்றுதான். விசா அலுவலகத்தில் விரல் ரேகையைப் பதிந்துவிட்டு வர வேண்டும். அதில்தான் ஏர்போர்ட் மூக்கை நுழைத்தான்.

ஏர்போர்ட் என்பது மாமாவின் தம்பிக்கு நான் வைத்த பெயர். யாரையோ வழியனுப்ப ஒரு தடவை விமான நிலைய வாசல் வரை போனவன். அன்றிலிருந்து வெளிநாட்டைப் பற்றி அவனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது.

"அண்ணி, அது ஏசி ரூமு. கதவெல்லாம் சாத்தி இருக்கும். இந்தக் கையோட போனீங்கன்னா கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே வெளிய அனுப்பிடுவான்" என்றான்.

இதைச் சொல்லும்போது மூக்கைப் பொத்திக்கொண்டான். வாரா வாரம் அதே கை ஓசியில் வெட்டிக் கொடுத்த மீனை வாங்கிப்போய்ச் சப்புக்கொட்டித் தின்கிற மூக்கு அது.

சந்தைக்குப் போகக் கூடாது என்று தடை போட்டான். தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் அவளைக் குந்த வைத்து எலுமிச்சம்பழம், சோடா உப்பு, சலவைத் தூள் என்று ஒவ்வொன்றாகத் தேய்க்கச் சொன்னான். வாசம் போகவில்லை என்று கம்பி நாரை எடுத்துக் கொடுத்தான். கடைசியில் கக்கூஸ் கழுவுகிற பிளீச்சிங் தண்ணீர். அவளும் மகளுக்காக என்று வாயைத் திறக்காமல் தேய்த்தாள். நான் சத்தம் போட்டதற்கு, "உனக்கு ஐஸ் உடைக்கத்தான் தெரியும், சும்மா இரு" என்றான்.

விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து பளபளவென்று சிவந்துவிட்டது. சோற்றில் கை வைத்தால் எரிகிறது என்று கரண்டியால் சாப்பிட்டாள்.

"பாத்தியா, ஸ்பூன்ல சாப்பிடக்கூட பழகிட்டாங்க!" என்று என்னிடம் பீற்றிக்கொண்டான். இவனெல்லாம் ஒரு மனுஷன்.

விசா அலுவலகத்துக்கு மூன்று பேரும் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்குப் பலத்த ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. ஒரு கூடை மீனைக் கொட்டியிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

"நல்லா அழுத்துங்கம்மா" என்றாள். ரேகைக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தச் சொன்னாள். மறுபடியும் சிவப்புதான்.

"தோலே இல்லையே, ரேகை எப்படி விழும்? கைய என்ன பண்ணீங்க?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் ஏர்போர்ட் முந்திக்கொண்டான். "அண்ணிக்கு ஸ்கின் கொஞ்சம் சென்சிட்டிவ் மேடம்."

தோல் வளர்ந்த பிறகு வரச் சொல்லி வேறு தேதி கொடுத்தாள். அது பட்டமளிப்பு முடிந்து வெகு நாள் கழித்து வரும் தேதி. அக்கா அழவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"சிம் கார்டு வாங்கினப்ப பதிஞ்சுதேடா தம்பி. சந்தையிலேர்ந்து நேரா போய்த்தானே வெச்சேன்?" என்றாள்.

பட்டமளிப்பு நாளில் அவள் சந்தையில்தான் இருந்தாள். மகள் போனில் கூப்பிட்டாள். அக்காவின் ஈர விரலுக்குத் திரை அசையவில்லை, நான்தான் தள்ளிவிட்டேன். கறுப்பு அங்கியோடு மகள் தெரிந்தாள். அம்மாவுக்கு என்று பிடித்து வைத்த நாற்காலியைக் காட்டினாள். காலியாக இருந்தது.

"நாத்தம் அடிச்சா அடிக்கட்டும்னு வந்திருக்கலாம்லம்மா. யார் உன்னைக் கழுவச் சொன்னா?" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

போனை வைத்த கையோடு ஏர்போர்ட் வந்து நின்றான், ஒரு பெரிய மீனும் காலிப் பையுமாக.

"சீக்கிரம் வெட்டிக் குடுங்க அண்ணி. நம்ம பொண்ணு பட்டம் வாங்கறத நெட்டுலேர்ந்து டிவியில போட்டுப் பாக்கறோம். சொந்தக்காரங்க எல்லாரும் வந்தாச்சு. உங்களக் கூப்பிடலாம்னுதான் நெனச்சேன், வந்தவங்க சோபாவுல உக்காந்திருக்காங்க, வாசம்..."

காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது எனக்கு.

அக்கா மீனை வாங்கிக் கட்டையில் வைத்தாள். கத்தியை எடுத்தாள், மறுபடி கீழே வைத்தாள். செதிலும் செவுளும் குடலுமாக அந்த மீனை அப்படியே தூக்கி அவனுடைய பைக்குள் போட்டாள்.

"நீங்களே வெட்டிக்குங்க தம்பி. கை நாறும். எலுமிச்சம்பழந்தான் வீட்டுல இருக்குல்ல, நல்லா தேய்ச்சுக் கழுவுங்க."