லம்துவானின் பன்னிரண்டாவது வீடு

தாய்லாந்துக் கிராமமான நோங் புவாவில் யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் லம்துவான் தூக்கத்திலும் சொல்வாள். பதினாலு வருஷமாகச் சுகாதாரத் தொண்டர். ஆளுக்குப் பன்னிரண்டு வீடு என்று ஊரைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். மாதம் ஒருமுறை போய் விரலைக் குத்தி, ரத்த அழுத்தம் பார்த்து, கடைசியில் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ரெண்டு வாரமா மனசு சோர்ந்து கெடக்கா? எதுலயும் பிடிப்பு இல்லாம இருக்கா? இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டு முடிப்பாள். ஊரே இல்லை என்னும். இல்லை, இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள்.

வாய்த்துடுக்கு வேறு. பரிசோதனைக்கு முந்தின மூன்று நாள் மட்டும் ஒட்டரிசிச் சோற்றைத் தொடாமல் வருகிறவர்களை வாசலிலேயே பிடித்துவிடுவாள். "ஏன் தாத்தா, மூணு நாள் பட்டினி கெடந்தா மூணு மாசம் தின்னது கரைஞ்சிருமா?" என்று எல்லோரும் சிரிக்கக் கேட்பாள்.

அவளுடைய பன்னிரண்டாவது வீடு அவள் வீடுதான். அவளுக்கும் ஒன்பது வருஷமாகச் சர்க்கரை.

இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. யாரும் சாகவில்லை, யாரோடும் சண்டையில்லை. புருஷன் வழக்கம்போல் பாங்காக்கில் டாக்ஸி ஓட்டினான், மகள் வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்தாள். காலையில் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். சமைக்க அலுப்பு. மூங்கில் கூடையிலிருந்து ஒட்டரிசிச் சோற்றை உருண்டை உருண்டையாகக் கிள்ளி, மிளகாய்ச் சாந்தில் தொட்டுத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வாள். மாத்திரை போடத் தோன்றாது.

ஒருநாள் தன் விரலைக் குத்திப் பார்த்தாள். முன்னூற்றுப் பன்னிரண்டு. பதிவேட்டில் நூற்றுப் பதினெட்டு என்று எழுதினாள், கேள்விகளுக்கு இல்லை, இல்லை. அடுத்த மூன்று மாதமும் குத்தவே இல்லை, எண்ணை மட்டும் எழுதினாள். பதினோரு வீட்டுக்குக் கணக்காகப் பார்க்கிறவள் தன் வீட்டுக்கு மட்டும் பொய் எழுதினாள். கேட்பார் யார்?

ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை கையில் ரத்தம் எடுத்து நகரத்து லேபுக்கு அனுப்புவார்கள். மூன்று மாதச் சர்க்கரை அதில் வந்துவிடும். தெரிந்தும் அவளும் மூன்று நாள் பட்டினி கிடந்துதான் போனாள். அப்புறம் ஒரு வாரம் தூக்கம் போயிற்று. கண் மங்கினால்? காலை எடுத்துவிட்டால்? பொய் எழுதினாள் என்று சீருடையைப் பிடுங்கிக்கொண்டால் எந்த முகத்தோடு ஊரில் நடப்பது?

முடிவு வந்த அன்று சுகாதார நிலையத்தில் மற்றவர்களுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தாள். நினைப்பு எங்கோ இருக்க எதையோ எழுதிவைத்தாள்.

பக்கத்து வீட்டு தோங்சாய் எட்டிப் பார்த்தாள். "அடியே, நூத்தி எழுபது கிலோவா? என்னைய எருமையோட சேர்த்து நிறுத்துனியா?" எல்லோரும் சிரித்தார்கள். லம்துவானுக்குச் சிரிப்பு வரவில்லை.

நர்ஸ் விலாய் அவளை உள்ளே கூப்பிட்டாள்.

"அக்கா, லேப்ல ரத்தத்த மாத்திட்டாங்க போலிருக்கு. உங்க பதிவேட்டுல நாலு மாசமும் நூத்தி இருபதத் தாண்டல. இதுல மூணு மாசச் சர்க்கரை ஏழுக்குள்ள இருக்க வேண்டியது, பதினொன்னு புள்ளி ரெண்டுன்னு வந்திருக்கு. திருப்பி அனுப்பிரட்டுமா?"

லம்துவானுக்கு மூச்சு வந்தது. தலையாட்டினால் போதும். ஆட்டினாள்.

"இது வேற யாரோடதோ, பாவம்," என்றாள் விலாய், தாளைப் பார்த்துக்கொண்டே. "இந்தச் சர்க்கரையோட அந்த ஆளு எப்படி நடமாடுதோ தெரியல. சீக்கிரம் கண்டுபிடிக்கணும். சரி, உங்க வீட்டுக்கு வர்ற தொண்டர் யாரு? ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

"நான்தான்."

"உங்க வீட்டுக்கு, அக்கா."

"எங்க வீட்டுக்கும் நான்தான். வேற யாரும் வர்றதில்ல."

விலாய் பேனாவை வைத்துவிட்டு, முதல் தடவையாக அவளை நன்றாகப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. சட்டைக் கழுத்து தொளதொளவென்று தொங்கியது.

வெளியே தோங்சாய் இன்னும் எருமைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். லம்துவான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நர்ஸம்மா, அந்த ஆளத் தேட வேணாம்," என்றாள். "அது நான்தான்."