ராணியின் இடது கை

என் இடது கையைத் திருத்துவதை அம்மா முழுநேர வேலையாகவே வைத்திருந்தாள். பல்லாவரத்து வீட்டில் அந்தக் கை சோற்றுத் தட்டுப் பக்கம் போனால் கரண்டிக் காம்பால் ஒன்று விழும். "பீச்சாங்கையால சாப்பிடற பொண்ணை எவன் வீட்ல சேர்ப்பான்?" என்பாள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். எனக்கு இரண்டுமே உதவவில்லை.

அறுபதுகளின் கடைசி. தாம்பரத்தில் எட்டாம் வகுப்பு. வரலாற்று டீச்சர் ஒருநாள் மதுரையை ஆண்ட ராணியைப் பற்றிச் சொன்னார். கணவன் போய், மகனும் அம்மையில் போய், கைக்குழந்தைப் பேரனுக்காக ராஜ்யத்தை ஆண்டவள். டெல்லிப் பாதுஷாவையே சமாளித்தவள். சிறையில் கிடந்த பாதிரியாரை விடுவித்தவள். வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "அப்பேர்ப்பட்டவள் ஒருநாள் ஏதோ ஞாபகத்தில் வெற்றிலையை இடது கையால் வாயில் போட்டுவிட்டாளாம். அந்தப் பாவம் தீரத்தான் சாலை போட்டாள், சத்திரம் கட்டினாள், மரம் நட்டாள் என்று ஜனங்கள் சொல்வார்கள்" என்றார் டீச்சர்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரே ஒரு வெற்றிலைக்கு இத்தனை சாலையா! நான் தின்ற இட்லிகளுக்குக் கன்னியாகுமரி வரை போட்டாலும் போதாதே! பள்ளிக்கூடம் போகும் வழியில் ஜி.எஸ்.டி. ரோட்டுப் புளியமரங்களும் அவள் நட்டவைதான் என்று நானே முடிவு செய்து, பஸ் ஜன்னல் வழியாகக் கும்பிட்டுக்கொண்டே போவேன். அவள் போட்ட சாலைகள் இங்கே இல்லை, மதுரைப் பக்கம்தான் என்று டீச்சர் சொல்லியும் நான் விடவில்லை.

ஆண்டு விழாவுக்கு அந்தக் கதையையே நாடகமாகப் போட்டார்கள். நான்தான் ராணி. ஒத்திகையில் என் இடது கை வெற்றிலை எடுக்கும் அழகைப் பார்த்து டீச்சரே கை தட்டினார். அந்தக் கைக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அன்று முழுக்க அதைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டேன்.

விழாவன்று தலை பின்னும்போது அம்மா சொன்னாள்: "சித்தி, மாமா எல்லாரும் வராங்க. மேடையில பீச்சாங்கை வாய்க்குப் போச்சு, அதோட உன் படிப்பு நின்னுடும்." கதையே அந்தக் கையைப் பற்றியதுதான் என்பது அவளுக்குத் தெரியாது.

தோழி வெற்றிலைத் தட்டை நீட்டினாள். முன் வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். என் கை எழுந்தது. வலது கை. வெற்றிலையும் வாய்க்குள் போய்விட்டது. மந்திரியாக நடித்தவள் மனப்பாடம் செய்தபடியே, "ஐயோ மகாராணி, இடது கையாலா!" என்று அலறினாள். வாசலில் நின்றிருந்த பள்ளிக்கூட ஆயா சத்தமாகக் கேட்டாள்: "இன்னா கண்ணு, ராணி தப்பே பண்லியே! ரோடு எப்டி வரும்?"

சபை சிரித்தது. அப்படிப்பட்ட ராணியை இப்படிக் கெடுத்துவிட்டேனே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா எழுந்தாள். "அந்தக் கை இல்லடி! பீச்சாங்கையால எடு!" என்று கத்தினாள். சித்தி முந்தானையைப் பிடித்து இழுத்தும் அவள் உட்காரவில்லை. நான் இன்னொரு வெற்றிலையை இடது கையால் எடுத்து, அவளையே பார்த்தபடி வாயில் போட்டேன். பிறகுதான் சாலை வந்தது, அட்டை மரங்களும் வந்தன.

பஸ்ஸில் திரும்பினோம். பல்லாவரம் நெருங்கியதும் அம்மா கேட்டாள்: "ஏன்டி, அந்த ராணியைச் சின்ன வயசுல அவங்கம்மா அடிச்சிருப்பாளா?"

"தெரியலம்மா."

"அடிச்சிருப்பா" என்றாள், என் இடது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு. "அதான் ஒரு வெத்தலைக்கு அவ்ளோ பயந்திருக்கா."