மூணு என்று சொன்ன வலி

கிரைண்டர் கல் என் மேல் விழவில்லை. உருட்டிக்கொண்டு வந்த அதற்கு வழிவிடப்போய் நான்தான் விழுந்தேன். பீளமேட்டில் நான் வேலை பார்க்கும் கிரைண்டர் பட்டறையில் தரை எப்போதும் ஈரம். வழுக்கியதும் இடது கையை ஊன்றினேன். மணிக்கட்டுக்கு மேலே புதிதாக ஒரு மேடு கிளம்பியிருந்தது. முதலாளி தன் காரிலேயே ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு நர்ஸ் கேட்டார். "அண்ணா, வலி எத்தனைங்க? வலியே இல்லைன்னா சைபர், தாங்கவே முடியலைன்னா பத்து."

வலிக்கு நம்பர் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ அலறிக்கொண்டிருந்தார். பத்து அவருடையது என்று தோன்றியது.

"ஒரு மூணு வச்சுக்குங்க."

எங்கள் பக்கம் பந்தியில் எவ்வளவு பசித்தாலும் "போதுமுங்க" என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டுவோம். பரிமாறுகிறவர் நம்பமாட்டார். "அட, சும்மா சாப்புடுங்க" என்று இன்னொரு கரண்டி வைப்பார். அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் நானும் காத்திருந்தேன். நர்ஸ் மூன்று என்று எழுதிக்கொண்டு, காய்ச்சலுக்குக் கொடுக்கிற மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எக்ஸ்ரேயில் எலும்பு விலகியிருந்தது. இழுத்து நேராக்க வேண்டும் என்றார்கள். விரலை அசைத்தாலே கண் இருட்டியது. இழுத்தால் என்ன ஆகும்? இனி எப்படி நம்பரை மாற்றிச் சொல்வது என்று கூச்சமாக இருந்தது.

அப்போதுதான் மனைவி வந்தாள். வியர்வையில் ஒட்டியிருந்த என் சட்டையைப் பார்த்தாள்.

"ஏனுங்க, வலி எத்தனைன்னு சொன்னீங்க?"

"மூணு."

"மூணா! தேள் கொட்டுனப்பவே 'லேசாக் கடுக்குது'ன்னவரு. அம்மணி, இவரு மூணுன்னா நீங்க எட்டுன்னு போட்டுக்குங்க!"

நர்ஸ் சிரித்துக்கொண்டே டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் சின்ன வயதுப் பெண். வயிற்றுப்புண், ஆஸ்துமா, கிட்னிக் கோளாறு ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டத் தொடங்கினேன்.

"போன வருசம் முழங்கால் வலிக்கு மெடிக்கல்ல மாத்திரை வாங்கி முழுங்கிப்போட்டு, ரத்தமா வாந்தி எடுத்தாருங்க" என்றாள் மனைவி.

கூச்சம் மறந்து நான் கேட்டேன். "ஏனுங்க டாக்டர், வலி கையிலதானுங்களே? வயித்தை எதுக்குங்க கேக்கறீங்க?"

"அந்த மாத்திரையோட ஜாதியிலயே ஒரு ஊசி இருக்குதுங்க. கையில போட்டாலும் வயித்துப்புண்ணைக் கிளறும். உங்களுக்கு வேற போடறேன். அது பலமானது, மூச்சை மந்தமாக்கும். அதனால கொஞ்சங்கொஞ்சமா."

"அப்ப, பக்கத்துல அலறுறவருக்கு?"

"அவருக்கு வேறங்க."

சின்ன வலிக்குச் சின்ன ஊசி, பெரிய வலிக்குப் பெரிய ஊசி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வலியைவிட வலிக்கிற ஆளைப் பற்றித்தான் அவர்கள் அதிகம் விசாரிக்கிறார்கள்.

மூச்சு குறைகிறதா என்று பார்க்க விரல் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். மருந்து நரம்பில் இறங்கியது. வலி அங்கேயேதான் இருந்தது, ஆனால் யாரோ அதைப் பக்கத்து அறைக்கு நகர்த்திவைத்தது போல. எங்கே போகிறது என்று ஆவலாகக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப எத்தனைங்கண்ணா?" என்றார் நர்ஸ்.

நிதானமாக யோசித்துத்தான் சொன்னேன். "மூணுங்க."

நர்ஸ் என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். அவள் குனிந்து என் நெற்றியையும் புருவத்தையும் கவனித்தாள்.

"ஆமாங்க, இது மூணுதான்."

அதற்குப் பிறகுதான் டாக்டர் என் கையைப் பிடித்தார்.