கட்டில் பக்கத்து ஓட்டை

இப்பவெல்லாம் எதைச் சொன்னாலும் வீடியோ இருக்கா என்று கேட்கிறார்கள். மூச்சுத் திணறுகிறவன் படம் எடுப்பானா? இது நடந்தது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள்.

நாங்கள் இருப்பது பழைய புகையிலைக் கொட்டகை. உள்ளே தீ மூட்டி இலையை உலர்த்திய இடம். மாப்பிள்ளை வாங்கி வீடாக மாற்றிக் கொடுத்தார். என் மனைவிக்கு நெஞ்சு பலவீனம். இன்னொரு தடவை குளிர் பிடித்தால் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்த வீட்டிலோ சூடு நிற்கவே நிற்காது. சுவரெல்லாம் சந்து. ஹீட்டரில் எரித்த கேஸ் எல்லாம் காற்றோடு போனது.

மாப்பிள்ளை டப்பாவில் நுரை கொண்டுவந்தார். அழுத்தினால் பொங்கும், காய்ந்தால் கெட்டி. ஜன்னல், கூரை, கதவிடுக்கு, எல்லாம் அடைத்தோம். வீடு கதகதப்பானது. அவள் ரொம்ப நாள் கழித்து எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

கட்டில் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு ஓட்டை. விரல் பருமன். அதில் அடைத்த நுரை மட்டும் காலையில் சுவருக்கு வெளியே கிடந்தது. எலி என்றேன். மறுபடி அடைத்தேன். மறுபடி வெளியே.

சிமெண்ட் பூசினேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் தோண்டியிருந்தது. ஈரத்தில் விரல்நுனிக் குழிகள். நகம் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளைத்தான் சந்தேகப்பட்டேன்.

"நீதானே?"

இரண்டு கையையும் நீட்டினாள். வெட்டாத நகம். பொட்டு சிமெண்ட் இல்லை.

"கட்டின நாள்லேருந்து இதே சந்தேகம்தான். என் பக்கத்துலயே குளிரை விட்டுக்க எனக்கென்னங்க பைத்தியமா?"

ஒரு பலகையை வைத்து நாலு மூலையிலும் ஆணி அடித்தேன்.

மதியம் மூன்று மணி. வெளியே அடைமழை. கேஸ் ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். தலை கனத்தது. தூக்கம் என்று நினைத்தேன்.

சர்ர்... சர்ர்...

பலகைப் பக்கம். மனைவியைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. முகம் செக்கச்செவேலென்று... கண் பாதி திறந்து...

எழுந்தேன். கால் வரவில்லை. கதவு எங்கோ இருந்தது.

டக். ஒரு ஆணி தரையில் உருண்டது.

யாரும் இல்லை. பலகை மட்டும் ஆடியது. உள்ளே மாட்டிக்கொண்டவன் பிய்ப்பதுபோல... அவசர அவசரமாக...

டக்.

டக்.

கடைசி ஆணியோடு பலகை விழுந்தது.

சில்லென்று காற்று. தவழ்ந்து போய் அவளைக் கீழே இழுத்து, வாயை ஓட்டையில் வைத்தேன்.

"மூச்சு விடுடி... விடு..."

விட்டாள்.

மாப்பிள்ளை வந்து கதவைத் திறக்கும்வரை மாறி மாறி ஓட்டையில் வாயை வைத்து அங்கேயே கிடந்தோம். காற்று நுழைய வழியில்லாத வீட்டில் ஹீட்டர் எரிந்தால் வாசனையே இல்லாத விஷம் சேருமாம். அந்த ஓட்டை இல்லையென்றால் இரண்டு பேரும் இல்லை என்றார் டாக்டர்.

அப்புறம் சுவரைச் சரிசெய்ய ஒரு மேஸ்திரி வந்தார். ஓட்டையைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் அப்பா அந்தக் கொட்டகையில் வேலை பார்த்தவராம். தீ மூட்டியதும் கதவைச் சுற்றி மண் பூசி மூடிவிடுவார்கள். இலை காயும்வரை திறப்பதில்லை. ஒரு தடவை, மேலே ஏறி இலை கட்டியவன் இறங்கினானா என்று யாரும் பார்க்கவில்லை.

"திறந்தப்போ இந்த ஓட்டையில வாயை வச்சபடி கிடந்தானாம், பெரியவரே. விரல்ல ஒரு நகம் மிச்சமில்லையாம்."

ஈர சிமெண்ட், பழைய ஆணி, தானாகத்தான் விழுந்திருக்கும் என்றேன்.

"அப்ப பூசிடட்டுமா?"

"வேண்டாம். மத்த இடத்தைப் பாரு."

சொல்லிவிட்டு வெளியே நடந்தேன்.